கதவைத் திறந்து வைக்கச் சொன்னவர்

பிப்ரவரி 6

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை உங்கள் அறைக்கு வந்தபோது, உட்காரச் சொல்வதற்கு முன்பே, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுத்துடுங்க சம்பந்தியம்மா" என்றீர்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மகளை உங்கள் மகனுக்குக் கேட்டு வந்தபோது நீங்கள் எதையும் எழுத்தில் தரவில்லையே என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். பரவாயில்லை, நான் தருகிறேன்.

என் காப்பகத்தின் கதவில் இன்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'குறைந்த பயன்பாடு கொண்ட இடங்களின் மறுசீரமைப்பு' என்று தலைப்பு. ஆறாம் ப்ளாக் தரைத்தளத்தில் உள்ள குழந்தைகள் காப்பகத்துக்கு ஆள் வருவதே இல்லை என்று கணக்கெடுப்பில் தெரிய வந்திருக்கிறதாம். மார்ச் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். அந்த இடத்தில் ஊழியர்கள் மதியம் படுத்து எழுவதற்கு 'புத்துணர்வு மையம்' வரப்போகிறதாம். கீழே, வசதிகள் மேலாளர் என்ற இடத்தில், உங்கள் கையெழுத்து. அழகான கையெழுத்து. அவசரத்தில் போட்டதாகத் தெரியவில்லை.

நோட்டீஸை நான் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே முப்பத்தொரு குழந்தைகள் இருந்தார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஆள் வராத இடத்தில் இவ்வளவு சத்தம் வருவதை நான் கேட்டதில்லை. நம் பேரன் அழவில்லை. பக்கத்தில் இருந்தவனைக் கடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

இந்த வளாகத்தில் யாருமே தொடாத வசதிகள் எத்தனையோ இருக்கின்றன. பெயர் 'அலுவலகப் பூங்கா'. புல்லில் உட்கார்ந்தால் விசில் அடிக்கிறார்கள். அடித்து அடித்து அந்த செக்யூரிட்டிக்கே 'விசில்' என்று பெயர் ஆகிவிட்டது. செயற்கைக் குளத்து நீரூற்று, வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வரும் நாளில் மட்டும் பீய்ச்சுகிறது. நாலாம் ப்ளாக்கில் ஏறிப் பழகுவதற்கென்று ஒரு பாறைச் சுவர் கட்டியிருக்கிறீர்கள். அதில் ஏறியவர் என்று நான் பார்த்த ஒரே மனிதர் ஒட்டடை அடிக்க வந்தவர். இவற்றையெல்லாம் தாண்டி வந்து என் கதவில் ஒட்டியிருக்கிறீர்கள்.

என் கணவர் இறந்த வருடம் ஆரம்பித்தது இந்தக் காப்பகம். பதினொரு வருடமாக நடத்துகிறேன். இதை மூடினால் நான் எங்கே போவேன் என்பதில் குழப்பமே இல்லை. மகள் வீட்டுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு வந்து, ஹாலில் டிவிக்கு எதிரே, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். அது நம் இருவருக்குமே நல்லதில்லை.

யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

பிப்ரவரி 9

சம்பந்தி அம்மையார் அவர்களுக்கு,

இந்த உறையில் இரண்டு கடிதங்கள் உள்ளன. முதலாவதை எழுதுபவர் வசதிகள் மேலாளர். இரண்டாவதை எழுதுபவன் தங்கள் சம்பந்தி. ஒருவர் எழுதியதற்கு மற்றவரைப் பொறுப்பாக்க வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது:

அம்மையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை பூங்காவின் அனைத்து வசதிகளின் பயன்பாடும், வாசலில் உள்ள கருவியில் ஐடி கார்டு காட்டப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்பட்டது. எந்தத் தனிமனிதரின் அபிப்பிராயமும் இதில் கலக்கவில்லை. பாறைச் சுவர் உள்ள கூடத்துக்கு நாள்தோறும் திரளானோர் கார்டு காட்டி நுழைந்துள்ளனர். அங்கே செல்ஃபோன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பது கணக்கெடுப்பின் வரம்புக்குள் வராது. தங்கள் காப்பகத்தில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு பேர். அதில் இருவர் தாங்களும் தங்கள் ஆயாவும் என்று அறிகிறேன். குழந்தைகளுக்கு ஐடி கார்டு வழங்கும் நடைமுறை இல்லாததால் அவர்கள் வந்ததற்கு ஆதாரம் இல்லை.

- வசதிகள் மேலாளர்

இரண்டாவது:

அன்புள்ள சம்பந்தியம்மா, மேலே உள்ளதைப் படித்து மனம் நோக வேண்டாம். இந்த இடங்களை முடிவு செய்யும் கமிட்டியில் நான் ஒருவன்தான் தங்கள் பக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவர்கள். குழந்தை என்றால் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பு என்று கேட்கிறார்கள். நான் பேசிப் பார்க்கிறேன். நான் இருக்கும்வரை தாங்கள் எதற்கும் கவலைப்படக் கூடாது. வீட்டில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். தங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் ஆயிரம் டென்ஷன். பேரனைக் கேட்டதாகச் சொல்லவும். (இரவு பார்ப்பேன், இருந்தாலும்.)

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

*

பிப்ரவரி 11

மேலாளருக்கு:

நாள் முழுக்க நான்கு பேர் வருகிற இடத்துக்கு, போன மாதம் மட்டும் நான்கு முறை குழாய் அடைப்பு எடுக்க ஆள் அனுப்பியவர் நீங்கள்தான். அடைத்தது எங்கள் நால்வரில் யார் என்று விசாரித்திருக்கலாம்.

சம்பந்திக்கு:

உங்கள் கடிதம் ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை பேரனைப் பார்க்க வந்தீர்கள். இரட்டைக் குழந்தைகளின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு இடுப்பில் ஒன்று, மறு இடுப்பில் இன்னொன்று, பையைப் பல்லில் கடித்திருந்தாள். கார்டு பைக்குள். உங்களுக்குப் பொறுக்கவில்லை. "என்ன கொடுமைம்மா இது! காலைல ஒரு ரெண்டு மணி நேரம் கதவைத் திறந்தே வைங்க சம்பந்தியம்மா. சாயங்காலமும் அப்படியே. கைக்குழந்தையோட வர்றவங்க கார்டை எங்க போய்த் தேடுவாங்க? யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சொன்னதோடு விடவில்லை. அன்று மதியமே தோட்டக்காரரின் தள்ளுவண்டியில் ஒரு சிமெண்ட் பூந்தொட்டி வந்து இறங்கியது, கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுப்பதற்கு. இரண்டு ஆள் சேர்ந்துதான் நகர்த்த முடிந்தது. அன்றிலிருந்து யாரும் கார்டு காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. அன்று இரவு என் மகளுக்கு ஃபோன் செய்து, "உன் மாமனார் தங்கமான மனுஷன்டி" என்று சொன்னேன்.

கணக்கெடுப்பு ஆரம்பித்ததும் நவம்பரில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் கேள்வி சின்னது. கதவைத் திறந்து வைக்கச் சொன்னது மேலாளரா, சம்பந்தியா?

*

பிப்ரவரி 16

அன்புள்ள சம்பந்தியம்மா,

தங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஆழமான கேள்வி. ஒரு மனிதன் எந்த நேரத்தில் எவனாக இருக்கிறான் என்பது பெரிய பெரிய ஞானிகளுக்கே பிடிபடாத விஷயம். நானோ கட்டடம் பார்த்துக்கொள்கிறவன். பூந்தொட்டியைப் பொறுத்தவரை, அது தோட்டப் பிரிவில் உபரியாகக் கிடந்தது. எங்காவது அனுப்ப வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான செய்தி: கமிட்டியோடு மல்லுக்கட்டி, மறு கணக்கெடுப்புக்கு அனுமதி வாங்கிவிட்டேன்! நாளை முதல் மாத இறுதி வரை. தொட்டியை இன்றே எடுக்கச் சொல்லிவிட்டேன். கதவை மூடி வையுங்கள். வருகிற ஒவ்வொருவரும் கார்டு காட்டட்டும். எண்ணிக்கை உயரும்; அதைக் கொண்டு நான் அவர்கள் வாயை அடைக்கிறேன்.

தாங்கள் என்னைச் சந்தேகப்படுவதாக ஒரு வாடை அடித்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
சம்பந்தி

*

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் மன்னிப்பு. போன கடிதத்தில் என் பேனா கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உங்கள் வீட்டாருக்கு முன்னால், "இந்தப் பூங்காவுலேயே பெரிய ஆளு யாரு? டைரக்டரா? இல்லை, நம்ம சம்பந்தியம்மா!" என்று நீங்கள் சொன்னபோது வெட்கமாகிவிட்டது. என் மகள் தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தீர்களா? அவள் பிறந்த வீட்டைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் அவளுக்கு நிமிரத் தெரியாது.

மறு கணக்கெடுப்பு முடிந்தது. பார்க்க வேண்டும் நீங்கள்! காலையில் லிஃப்ட் வரைக்கும் வரிசை. குழந்தையை இறக்கி வைத்துக் கார்டைத் தேடி எடுப்பதற்குள் குழந்தை வரிசையை விட்டு ஓடிவிடும். அதைப் பிடிக்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும். கணக்கு எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அப்பா, "பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட இவ்வளவு இல்லைங்க" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஒருவர் விடாமல் காட்டினார்கள். "ஆன்ட்டி, உங்களுக்காக எத்தனை தரம் வேணா காட்டறோம்" என்றாள் இரட்டைக் குழந்தைகளின் அம்மா.

ஒரு வேடிக்கை, தாத்தாவுக்கு மட்டும் சொல்கிறேன். கார்டு காட்டினால் கருவி 'பீப்' என்கிறதல்லவா? நம் பேரனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு நாள் தன் அம்மாவின் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, கருவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, பீப் பீப் என்று பதினேழு தரம் அடித்தான். ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. தடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேலையில் உங்களையே உரித்து வைத்திருக்கிறான்.

இனி உங்கள் கையில்.

நன்றியுடன்,
சம்பந்தி

*

மார்ச் 9

முதலாவது:

அம்மையீர், பிப்ரவரி பிற்பகுதியில் காப்பகத்தில் பதிவான எண்ணிக்கை, முந்தைய மூன்று மாதச் சராசரியைப் போல் பல மடங்கு. இது இயல்பான பயன்பாட்டின் அடையாளம் அல்ல என்று கமிட்டி கருதுகிறது. மேலும், ஒரே கார்டு ஒரே நாளில் பதினேழு முறை காட்டப்பட்டதும், அதைப் பொறுப்பாளர் கண்டும் தடுக்காததும் தெரிய வந்துள்ளது (ஆதாரம்: பொறுப்பாளரின் மார்ச் 4 தேதியிட்ட கடிதம், நகல் இணைக்கப்பட்டுள்ளது). எனவே மறு கணக்கெடுப்பு செல்லாது. முந்தைய முடிவு உறுதி செய்யப்படுகிறது.

- வசதிகள் மேலாளர்

இரண்டாவது:

அன்புள்ள சம்பந்தியம்மா, என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். தங்கள் கடிதத்தை நானாகக் கொடுக்கவில்லை. மேஜை மேல் இருந்தது. கேட்டார்கள்.

ஆனால் வெறுங்கையோடு நான் வரவில்லை. இரண்டாம் பேஸ்மென்ட்டில், பைக் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு பெரிய அறை வாங்கியிருக்கிறேன். ஜன்னல் கிடையாது, அதனால் குழந்தைகள் நன்றாகத் தூங்குவார்கள். யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாங்கள் இதை ஒரு தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கள் மகளுக்கும் இதே அபிப்பிராயம்தான். "அம்மா சொன்னாக் கேக்க மாட்டாங்க மாமா. இப்படி ஏதாவது வந்து தானா நின்னாத்தான் உண்டு" என்று டிசம்பரிலேயே, இந்தப் பேச்சு கமிட்டியில் வந்த அன்றே, மற்றவர்கள் எழுந்து போன பிறகு சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். முழங்கால் வலியோடு தாங்கள் தரையில் உட்கார்ந்து எழுவதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. பெற்ற மகளே சம்மதித்த பிறகு நாம் ஏன் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டும்?

அன்புடன்,
சம்பந்தி

*

மார்ச் 10

டிசம்பரிலா?

டிசம்பரில் உங்களுக்குத் தெரியும் என்றால், ஜனவரி முடியும் வரை அந்தத் தொட்டி என் வாசலில் இருந்ததே. எடுக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். தோட்டக்காரர் உங்கள் ஆள்.

என் மகள் தினமும் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் உள்ளே வந்தாள். ஒரு நாள் புடவை அதன் விளிம்பில் மாட்டிக் கிழிந்தது. நான்தான் ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்களைப் பார்க்க அல்ல.

*

மார்ச் 14

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா,

அன்று தாங்கள் வந்து, நின்றபடியே பேசி, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. தங்கள் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். என் மகன் எதையோ தேடுவதுபோல் வீடு முழுக்க நடக்கிறான். என் மனைவிக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரியும். என் தட்டை மேஜையில் வைக்கிறாள். அதற்கப்புறம் நான் தனியாகச் சாப்பிடுகிறேன். உப்பு கேட்டால் பேரனிடம் சொல்லி அனுப்புகிறாள்.

தங்கள் மகள்மேல் கோபம் வேண்டாம். அவள் தங்களுக்கு நல்லது என்று நினைத்தாள். நான் கமிட்டிக்கு நல்லது என்று நினைத்தேன். கமிட்டி ஊழியர்களுக்கு நல்லது என்று நினைத்தது. யாரும் கெட்டது நினைக்கவில்லை. எல்லாரும் நல்லதே நினைத்தும் இப்படி ஆகிவிட்டது. இதை விதி என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

"நீ சொல்லியிருந்தா நான் என்ன, மாட்டேன்னு அடம்பிடிச்சு உன்னைக் கடிச்சிருப்பேனா?" என்று அவளைக் கேட்டீர்கள். பேஸ்மென்ட் அறையின் சாவியைத் தயாராக வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சம்பந்தி

*

மார்ச் 27

மேலாளர் அவர்களுக்கு,

இன்று லிஃப்ட்டில் ஏறினேன். லிஃப்ட்டுக்குள் இருக்கும் திரையில் முதலில் நாளைய வெயில் வந்தது. பிறகு ஃபுட் கோர்ட்டில் இன்று என்ன விசேஷம் என்று வந்தது. பிறகு நீங்கள் வந்தீர்கள், கோட் போட்டுக்கொண்டு. 'வீணாகக் கிடந்த இடங்களை மீட்டெடுத்த நம் வசதிகள் மேலாளருக்கு மேலும் மூன்று ஆண்டுகள் பணி நீட்டிப்பு. வாழ்த்துகள்!' பின்னால் கைதட்டல் சத்தம். நான்காம் மாடி வருவதற்குள் மறுபடி வெயில் வந்துவிட்டது.

மே மாதம் நீங்கள் ஓய்வு பெறுவதாக இருந்தது எனக்குத் தெரியும். அதற்காக உங்கள் மனைவி ஒரு பயணத்துக்குக்கூடத் திட்டம் போட்டிருந்தார். போன வருடக் கடைசியில் அந்தப் பேச்சு திடீரென்று நின்றுபோனது ஏன் என்று நாங்கள் இருவரும் வியந்துகொண்டிருந்தோம். இப்போது வியப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

பேஸ்மென்ட் வேண்டாம். காரும் பைக்கும் புகை விடும் இடத்தில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறது என்று எழுதி வைக்க என்னால் முடியாது.

பெற்றோர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ரிப்போர்ட்டில் போட உதவும். நோட்டீஸ் உறுதியான அன்று அழாதவர்கள் இல்லை. கையெழுத்து இயக்கம் நடத்துவோம் என்றார்கள். குளத்தைச் சுற்றிக் குழந்தைகளோடு உட்காருவோம் என்றார்கள். விசில் அடித்தால் அடிக்கட்டும் என்றார்கள். இரண்டாம் நாள், நெடுஞ்சாலையில் ஒரு பெரிய காப்பகத்தோடு நீங்கள் ஒப்பந்தம் போட்டு, பூங்கா ஊழியர்களுக்குக் கட்டணத்தில் சலுகை என்று மெயில் அனுப்பினீர்கள். மூன்றாம் நாள் எல்லாரும் என்னைத் தனித்தனியாக ஓரமாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்கள். இரட்டைக் குழந்தைகளின் அம்மாதான் முதலில். நான் யாரையும் தப்பாக நினைக்கவில்லை. நினைப்பதற்கு வரிசை நீளமாக இருக்கிறது. அவர்கள் முறை வர நாளாகும்.

நம் பேரனையும் அங்கேதான் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆயா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கட்டில்களை நாளை எடுத்துக்கொள்கிறேன். சுவரில் குழந்தைகள் கிறுக்கியிருப்பதை அழிக்க வேண்டுமா, உங்கள் ஆட்களே வெள்ளையடிப்பார்களா என்பதை எழுத்தில் தரவும்.

காப்பகப் பொறுப்பாளர்

*

ஏப்ரல் 2

சம்பந்தியம்மா,

சுவரை நாங்களே அடித்துக்கொள்கிறோம்.

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த உறையில் ஒரு கடிதம்தான் இருக்கிறது.

தங்களுக்கு இந்தப் பூங்கா ஒரு வேலை செய்யும் இடம். எனக்கு அப்படி இல்லை. முப்பது வருடத்துக்கு முன் இது வெறும் பொட்டல். குளம் எங்கே வர வேண்டும் என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டவன் நான். போன வருடம் எனக்கு முன்னால் இருந்த மேலாளர் வந்தார், பழைய ஆட்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. கார்டு இல்லை. விசில் அவரை உள்ளே விடவில்லை. வெயிலில் நின்று எனக்கு ஃபோன் செய்தார். நான் மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு மே மாதம் என்றால் பயம். டிசம்பரில் டைரக்டர் கூப்பிட்டு, "நாலு இடத்தை மீட்டுக் குடுங்க, உங்களை யாரு போகச் சொல்லப் போறாங்க?" என்றார். மூன்று இடம் சுலபமாகக் கிடைத்தது. நாலாவது கிடைக்கவில்லை.

தங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கதவைத் திறந்து வைக்கச் சொன்னது சம்பந்திதான். அந்தப் பெண் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னேன். கணக்கெடுப்பு நடப்பது அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை. இதைத் தாங்கள் நம்ப வேண்டும். தொட்டியை எடுக்காமல் விட்டதுதான் மேலாளர்.

எனவே இருவரில் ஒருவனாவது தங்களுக்குத் துரோகம் செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

சம்பந்தி

*

ஏப்ரல் 5

எடுத்துக்கொண்டேன். சராசரி பார்த்தேன். பெரிதாக மாறவில்லை.

*

ஜூன் 12

அன்புள்ள சம்பந்தியம்மா,

நலமா? பூங்காவுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் தாங்கள் ஒரு வீடு எடுத்து நடத்துவதாகவும், எட்டுக் குழந்தைகள் வருவதாகவும் கேள்விப்பட்டேன். அதில் ஃபுட் கோர்ட்டில் பாத்திரம் கழுவும் பெண்களின் குழந்தைகளே அதிகமாம். அவர்களுக்கு மெயில் கிடையாது என்பது எங்கள் கவனத்துக்கு வரவில்லை.

புத்துணர்வு மையம் நன்றாக நடக்கிறது. முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. பிறகு, யார் யார் எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்ற பட்டியல் அவரவர் மேலதிகாரிக்குப் போகிறது என்று தெரிந்ததிலிருந்து அமைதியாக இருக்கிறது. மையத்தின் நோக்கமும் அமைதிதான் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

வரும் ஞாயிறு பேரனின் மூன்றாவது பிறந்தநாள். மூன்று மாதமாகத் தாங்கள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கள் மகள் தங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் தாங்கள் டீ போட்டுக் கொடுத்து, பேசாமல் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள். திட்டினால்கூடப் பரவாயில்லையாம். என் அண்ணன் தம்பி, அவர்கள் குடும்பம் எல்லாரும் வருகிறார்கள். தாங்கள் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்?

என்மேல் உள்ளதை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்காக வாருங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

ஜூன் 15

சம்பந்தி அவர்களுக்கு,

வருகிறேன்.

வராமல் இருந்துவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். வேலை பிடிக்காவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். வீடு பிடிக்காவிட்டால் காலி செய்யலாம். புருஷன் பெண்டாட்டியே ஒத்துவராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். சம்பந்திகள் பிரிவதற்கு மட்டும் ஒரு வழியும் வைக்கவில்லை. நம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளும் காலம் வரை நாமும் சேர்ந்தே இருந்தாக வேண்டும். உங்கள் நீட்டிப்புக்காவது மூன்று வருடம் என்று ஒரு முடிவு இருக்கிறது.

என் மகளை நான் திட்டாமல் இருப்பது தண்டனைக்காக அல்ல. அவளிடம் பேச வாயெடுக்கும்போதெல்லாம், இது எந்தச் சாப்பாட்டு மேஜைக்குப் போய்ச் சேருமோ என்று தோன்றுகிறது. பெற்ற பெண்ணிடம் வார்த்தையை எண்ணிப் பேச எனக்கு இன்னும் பழகவில்லை. பழகும்வரை டீ போடுகிறேன்.

எட்டு இல்லை, ஒன்பது குழந்தைகள். இதை எங்கேயும் இணைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரியாக வந்துவிடுகிறேன். கேக் வெட்டும்போது பேரனுக்கு ஒரு பக்கம் உங்களையும் மறுபக்கம் என்னையும் நிற்க வைத்து ஃபோட்டோ எடுப்பார்கள். நிற்கிறேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்பார்கள். நெருங்குகிறேன். சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறேன். உங்கள் மனைவிக்குச் சமையலறையில் கூடமாட உதவி செய்கிறேன். உங்களுக்கு உப்பு வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து வைக்கிறேன்.

சாப்பிடும்போது உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து யாராவது என் காதோரம் குனிந்து, "என்னங்க, பூங்காவுல உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ பிரச்சினையாமே?" என்று கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் தூரத்திலிருந்து பதறி என் முகத்தைப் பார்க்க வேண்டாம். "எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன்.

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

சம்பந்தி